காளான் அறையை மூடிய பிறகு

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடாதே. போன் செய்திருக்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. நான் பாதியில் வைத்துவிடுகிறேன். அதற்கப்புறம் நீ எடுப்பதில்லை. இப்படியே கல்யாணமாகி மூன்று வருடம் ஓடிவிட்டது. கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இவருக்கு இருமல். சாதாரண இருமலுக்கெல்லாம் உனக்கு எழுதுகிறவள் இல்லை நான். மாலையானால் உடம்பு கணகணவென்று இருக்கிறது, கை கால் நடுங்குகிறது. வறட்டு இருமல், சளியும் வருவதில்லை. காலையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வேலையைப் பார்க்கிறார். வேலை எல்லாம் வீட்டோடுதான். கீழே இரண்டு அறையில் காளான், நடுவில் நாங்கள், மொட்டை மாடியில் அவருடைய புறாக்கள். வைக்கோல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறியவர், இப்போது வெறுங்கையோடு ஏறும்போதே பாதியில் நின்று ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்க்கிறார். அந்த ஜன்னலில் பார்க்க ஒன்றுமே இல்லை, அக்கா. எதிர் வீட்டுச் சுவர்தான் இருக்கிறது.

தெருமுனை டாக்டர் முதலில் சளி மருந்து கொடுத்தார், அப்புறம் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். "சிகரெட் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குக் கேள்வி தீர்ந்துபோய்விட்டது.

நீ டாக்டர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் எதையும் ஏன் ஏன் என்று நோண்டுகிற புத்தி நம் வீட்டில் உனக்குத்தான் உண்டு. முதல் வருடப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாய். எனக்கும் ஒரு வழி சொல்லேன்.

கல்யாணத்தன்று நீ எல்லார் முன்னாலும் சொன்னதை நான் மறக்கவில்லை. "குப்பையில முளைக்கிறத விக்கிறவனுக்கா கழுத்த நீட்டப்போற?" அவரும் மறக்கவில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என்னால் முடியவில்லை.

அம்மா என்னைக் கேட்கிறாளா?

சின்னவள்

*

பிப்ரவரி 19

சின்னவளுக்கு,

பிரித்துவிட்டேன். இரண்டு தடவை படித்தேன்.

அம்மா உன்னைக் கேட்கிறாள். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லையா என்று கேட்கிறாள். சில நாள் என்னையே நீ என்று நினைத்துக்கொண்டு, "ஒங்க அக்காகிட்ட சொல்லாத" என்று என்னைப் பற்றிய புகாரை என்னிடமே சொல்வாள். பகலில் வேலைக்கு ஒரு அம்மாள் வந்து அவளைப் பார்த்துக்கொள்கிறார். கல்லூரி விட்டதும் நான் ஓடி வருகிறேன். வேறு எங்கேயும் என்னால் நகர முடிவதில்லை.

இப்போது உன் வீட்டுக்காரர் விஷயம். நான் வைத்தியம் சொல்ல மாட்டேன். யோசிக்கிற விதத்தை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் வகுப்பில் பிள்ளைகள் வெங்காயத் தோலை உரித்து நுண்நோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். எல்லோரும் புத்தகத்தில் உள்ள படத்தைத்தான் வரைவார்கள். கண்ணாடிக்குக் கீழே இருப்பதை ஒருவரும் வரைய மாட்டார்கள். அதனால் முதல் விதி, தெரிந்ததை மறந்துவிட்டு இருப்பதைப் பார். இரண்டாவது, ஒரு யூகம் செய். மூன்றாவது, அந்த யூகம் பொய்யாக இருந்தால் எது நடக்கும் என்று யோசித்து, அதைச் செய்து பார்.

என் யூகம் காளான்தான். காளான் செடி இல்லை. அதற்குப் பச்சையம் கிடையாது, தனக்கு வேண்டியதைத் தானே சமைக்கத் தெரியாது. நம்மைப் போலவே அடுத்தவர் சமைத்ததைத் தின்று, நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. குடை விரிந்ததும் அடியிலிருந்து வித்துத்தூளைக் கொட்டும். ஒரு பை கொட்டுகிற தூளை எண்ணி முடிக்க ஒரு ஆயுள் போதாது. அது அவ்வளவும் அந்த மூடிய அறைக் காற்றில்தான் மிதக்கிறது. நுரையீரலின் கோடியில் இருக்கும் காற்றுப்பைகளுக்குச் சுவர் என்று இருப்பது ஒரே ஒரு செல்லின் கனம். அந்தச் சுவரில் போய்ப் படிகிற தூளைச் சில உடம்புகள் பகைவன் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். அந்தச் சண்டைதான் உங்கள் வீட்டில் மாலைக் காய்ச்சலாக வருகிறதோ என்னவோ.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அவரைக் கொஞ்ச நாள் வேறு எங்காவது அனுப்பு. இருமல் நின்றால் எழுது. நிற்காவிட்டாலும் எழுது. அதுதான் இன்னும் முக்கியம்.

கல்யாணத்தன்று சொன்னதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

இவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தார். அங்கே சமையலறைக்குக் கூரை மாற்றுகிறார்களாம். போகச் சொன்னபோது முறைத்தார். "ஒங்கக்கா வீட்ல வெங்காயம் தீந்துபோச்சா, என்ன வச்சு சோதன பண்றாங்க?" என்றார். உனக்கு 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார். மரியாதையாகத்தான்.

போன மூன்றாம் நாளே இருமல் நின்றுவிட்டதாம். ஏணியில் ஏறிக் கூரைக்குத் தகரம் அடித்திருக்கிறார். அவர் அண்ணி போனில், "இவருக்கா மூச்சு முட்டுது? ரெண்டாளு சாப்பாடு சாப்பிடுறாரே!" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்தார். வந்த மறுநாள் மாலை பழையபடி நடுக்கம். அதற்கடுத்த நாள் இருமல்.

அப்போ நீ சொன்னது சரி. காளான்தான். ஆனால் அது சரியாகப் போனதில் எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அந்த இரண்டு அறையும்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வைக்கோலை அவித்து, ஆறவைத்து, பையில் அடுக்கடுக்காக விதை தூவிக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, ஈரச்சாக்குக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்து அவர் உண்டாக்கிய தொழில் அது. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று தடவை எல்லாப் பையும் பச்சைப் பூசணம் பிடித்து, தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்.

நன்றாக யோசித்துச் சொல். அண்ணன் வீட்டில் காளான் மட்டுமா இல்லை? நானும்தான் இல்லை. என்னையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

வேடிக்கைக்குத்தான் எழுதினேன்.

சின்னவள்

*

மார்ச் 22

சின்னவளுக்கு,

மூடிவிடுங்கள். இதை நான் யோசிக்காமல் எழுதவில்லை.

விட்டு விலகினால் நிற்கிறது, திரும்பி வந்தால் வருகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு விடை எந்தச் சோதனைக்கூடத்திலும் கிடைக்காது. 'சந்தேகமே இல்லை' என்று விடைத்தாளில் எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். அந்த வார்த்தையை இன்று நானே எழுதுகிறேன். சந்தேகமே இல்லை.

காற்றுப்பைச் சுவரில் தினமும் சண்டை நடந்தால் அந்த இடம் தழும்பாகும். முழங்காலில் ஒரு தழும்பு இருந்தால் நடந்துவிடலாம். நுரையீரலில் தழும்பு விழுந்தால் அந்த இடத்தில் காற்று உள்ளே போகாது. அது பின்னால் சரியாகவும் ஆகாது. ஒவ்வொரு நாளும் கணக்கு. தொழில் வேறு தேடிக்கொள்ளலாம்.

நீ வேடிக்கைக்கு எழுதியதை எல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அசடு.

அம்மா இன்று உன் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். யார் எழுதியது என்று தெரியவில்லை. "நல்ல கையெழுத்து" என்றாள்.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

மூடியாயிற்று.

அவர் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன். 'தொழில் வேறு தேடிக்கொள்ளலாம்' என்ற வரியை விட்டுவிட்டு வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "படிச்சவங்க சொல்றாங்க. நமக்கென்ன தெரியும்" என்று எழுந்து கீழே போனார்.

பைகளை அவிழ்த்துக் குழியில் கொட்டினோம். பாதிப் பைகளில் மொட்டு விட்டிருந்தது. குண்டூசித் தலை போல வெள்ளை வெள்ளையாக, நாளைக்கு எழுந்துவிடுவேன் என்று நின்றது. அவர் ஒரு பையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இது நாலு நாள்ல பறிக்கிற பதம்" என்றார். அதையும் போட்டார். சுவர், தரை, கயிறு, கொக்கி எல்லாவற்றையும் வெளுப்புப் பொடி போட்டுக் கழுவினோம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டார்.

எங்களிடம் காளான் வாங்கிய ஹோட்டல்காரர்தான் பாவம், "என்னப்பா திடீர்னு?" என்று மூன்று தடவை கேட்டார். கடைசியில் அவரே என்னை அவருடைய சலவைப் பிரிவில் துணி மடிக்கச் சேர்த்துக்கொண்டார். காளானைக் கொண்டுபோய்க் கொடுத்த அதே பின்வாசல் வழியாகத்தான் இப்போது நான் வேலைக்குப் போகிறேன்.

அவருக்குப் பொழுது போகவில்லை. பகல் முழுவதும் மாடியில்தான் இருக்கிறார். புறாக்கூண்டைப் பிரித்து, பழைய பலகையைத் தட்டி, இன்னும் பெரிதாகக் கட்டுகிறார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. நல்ல காற்று, வெயில், அவருக்குப் பிடித்த வேலை. உடம்பு தேறிவிடும் என்று நினைக்கிறேன்.

சின்னவள்

*

மே 17

அக்கா,

நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கேட்கிறேன்.

அறையை மூடி இத்தனை நாள் ஆயிற்று. கழுவிய தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அப்படியென்றால் ஏன் இவருக்கு இன்னும் மூச்சு முட்டுகிறது? முன்பு படியில்தான் நிற்பார். இப்போது செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தாலே சுவரைப் பிடித்துக்கொள்கிறார். விரல் நுனியெல்லாம் தடித்துவிட்டது. மோதிரம் கழலவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது.

நேற்று நான் வேலை முடிந்து வந்தபோது கீழே காலி அறையில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததும், "இங்க சும்மாதான் ஒக்காந்தேன். இப்பதான் ஒண்ணும் இல்லையே" என்றார். திருடும்போது பிடிபட்டவர் போல முழித்தார், அக்கா. தன் தொழிலை நடத்திய அறையில் உட்கார்ந்ததற்கு என்னிடம் சமாதானம் சொன்னார்.

சந்தேகமே இல்லை என்று எழுதினாயே. நீ சொன்னாய், நான் செய்தேன். இப்போது சொல். என்ன செய்யட்டும்?

உனக்கு அவரை முதலிலிருந்தே பிடிக்காது. அவர் தொழிலைப் பிடிக்காது. குப்பையில் முளைப்பது நோயாகத்தான் இருக்கும் என்று நீ சோதனைக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டாய். இதை எழுதக் கூடாது என்று தெரியும். எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துத் திருத்தவும் மாட்டேன்.

சின்னவள்

*

மே 25

சின்னவளுக்கு,

நீ எழுதியது சரி.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வகுப்பு இருந்தது. ஒரு செடித்தொட்டி வெயிலில், ஒன்று இருட்டு அறையில், எது வளர்கிறது என்று பார்க்கிற பாடம். ஆண்டாண்டாக நடத்துகிற பாடம்தான். இருட்டில் வைத்தது வாடியது, ஆகவே வெளிச்சம் வேண்டும் என்று முடித்தேன். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "மேடம், இருட்டு ரூம்ல இருந்ததுக்குத் தண்ணி யாரு ஊத்துனாங்க?" என்றாள். அந்த அறைக்குப் பூட்டு, யாரும் ஊற்றவில்லை. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் சுண்ணாம்புக்கட்டியோடு நின்றேன்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நான் அவரை அண்ணன் வீட்டுக்கு அனுப்பியபோது எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அறை, படுக்கை, தண்ணீர், தெரு எல்லாம் வேறு. நீ வேடிக்கையாகவே சொன்னாய், நானும்தான் அங்கே இல்லை என்று. நான் உன்னை அசடு என்று எழுதினேன். அசடு நான்தான். எது மாறியது என்று கேட்க வேண்டிய இடத்தில், எனக்குப் பிடித்த விடை கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன். சோதனையில் எல்லாத் தப்பையும்விட மோசமான தப்பு அதுதான். அதற்குப் பெயர்கூடப் பாடத்தில் இருக்கிறது. நானே நடத்தியிருக்கிறேன்.

உன் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். அண்ணன் வீட்டில் புறாவும் இல்லை.

புறாவின் இறகிலிருந்து மாவு போல ஒரு தூள் உதிரும். காய்ந்த எச்சமும் தூளாகும். காளான் தூளுக்கு உடம்பு செய்வதை அதற்கும் செய்யும், அதே சண்டைதான். அறையை மூடியதும் அவர் பகலெல்லாம் மாடியில் கூண்டோடேயே இருந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் சொன்ன மருந்துதான் அவரை அங்கே அனுப்பியது.

இது யூகம்தான். உறுதியாகச் சொல்ல மாட்டேன். இனி எதையும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், புறாக்களை உடனே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தெருமுனை டாக்டரை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் பார்க்கிறவரிடம் காட்டுங்கள். காளான், புறா இரண்டையும் அவரிடம் சொல்லுங்கள்.

அக்கா

*

ஜூன் 6

அக்கா,

வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஒரு வரியும் விடவில்லை.

"காளானுக்கும் இதே டீச்சரம்மாதான தீர்ப்பு சொன்னாங்க?" என்றார்.

"அது தப்புன்னு அவளே எழுதியிருக்கா."

"தப்புன்னு எழுதிட்டா பை திரும்ப வந்துருமா? இப்ப புறா. இதுவும் தப்புன்னா அப்புறம்?"

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. முதல் தடவை சந்தேகமே இல்லை என்று எழுதினாய், நம்பினேன். இந்தத் தடவை யூகம்தான், உறுதி இல்லை என்று எழுதுகிறாய். யூகத்தைக் காட்டி எப்படி அவரிடமிருந்து அதையும் பிடுங்குவேன்? அவரிடம் மிச்சம் இருப்பது அதுதான். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். மண்டைக்கனம் என்று ஒன்று, சவுக்காரம் என்று ஒன்று. அவர் சீட்டி அடித்தால் வானத்திலிருந்து அப்படியே மடங்கி இறங்கும். இப்போது சீட்டி அடிக்க மூச்சு இல்லை. தகர டப்பாவைத் தட்டுகிறார், அதற்கும் இறங்குகின்றன.

பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம்.

சின்னவள்

*

ஜூன் 15

சின்னவளுக்கு,

நேற்று நீ வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உன் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் எடுத்தார். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"என்ன டீச்சரம்மா, அடுத்து எத மூடணும்?" என்றார். கோபமாக இல்லை. நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசினார்.

நான் ஒரு பாடமே தயாரித்து வைத்திருந்தேன். எப்படிச் சொன்னால் நம்புவார் என்று வரிசை போட்டு வைத்திருந்தேன். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் எல்லாம் போய்விட்டது. "கொஞ்ச நாளைக்கு மட்டும் மாடிக்குப் போகாம இருங்களேன்" என்றேன்.

"அதுங்களுக்கு யாரு தண்ணி வைப்பா?" என்றார்.

அங்கே வந்து தண்ணீர் வைக்கவும் என்னால் முடியாது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். கட்டு ஏன் போட்டிருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். சொன்னதும், "அச்சச்சோ, எப்போ?" என்று முதல் தடவை கேட்பது போலவே பதறுகிறாள்.

இப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். 'ஒரு சோதனையில் ஒரு காரணியை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?' என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் சரியாக எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

நீயாவது கேள். அவர் தூங்கும்போது புறாக்களைத் திறந்து விட்டுவிடு.

அக்கா

*

ஜூலை 20

அக்கா,

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். இவர் ஊதியது மேஜை மேல் இருந்த காகிதத்தைக்கூட அசைத்திருக்காது.

டாக்டர் வயதில் சின்னப் பெண். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "வீட்ல பறவை ஏதாவது வளக்குறீங்களா?" என்பதுதான். சொன்னோம். "எத்தன வருஷமா? இத இதுவரைக்கும் யாருமே கேக்கலையா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "கேட்டாங்க. நாங்கதான் கேக்கல" என்றார்.

ரத்தத்தில் புறாவுக்கு எதிரான குறி நிறைய இருக்கிறதாம். காளானுக்கு இல்லையாம். படத்தைச் சுவரில் மாட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் கீழே வலை பின்னியது போல இருந்தது. "இது தழும்பு. இருக்கிறது இனி மாறாது. பறவைய நிறுத்திட்டா மேல பரவாம இருக்க வாய்ப்பு இருக்கு. மாத்திரை தர்றேன். பாக்கலாம்." பாக்கலாம் என்று சொல்லும்போது அவர் பார்த்தது மேஜையைத்தான்.

புறாக்களை ஊருக்கு மறுகோடியில் ஒருவருக்குக் கொடுத்தோம். கூடையில் அடைத்து வண்டியில் ஏற்றி நானே கொண்டுபோய் விட்டேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் அவையெல்லாம் வந்துவிட்டன, அக்கா. வரிசையாகத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தன. இவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலமாகி, நான் பயந்துவிட்டேன். அடுத்து இன்னும் தூரத்துக்கு, ஆற்றுக்கு அப்பால் அனுப்பினோம். அங்கிருந்தும் நான்கு திரும்பி வந்தன. மண்டைக்கனம் அதில் ஒன்று.

கூண்டை நானே உடைத்தேன். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, தூள் பறக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உடைத்தேன். அவை சுற்றிச் சுற்றி வந்து என் தலைக்கு மேலேயே பறந்தன. கம்பை எடுத்து விரட்டினேன். கீழே ஜன்னலை மூடிக்கொண்டு அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நான் இறங்கி வந்ததும், "அடிபடலயே?" என்று கேட்டார். என்னையா, அவற்றையா என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் நாங்கள்தான் வீட்டை மாற்றினோம். இப்போது இருப்பது கீழ்த்தளம். படி இல்லை. பின்னால் சிமெண்ட் முற்றம் இருக்கிறது.

சின்னவள்

*

ஆகஸ்ட் 28

அக்கா,

மாத்திரையில் முகம் உப்பிவிட்டது. காய்ச்சல் நின்றுவிட்டது. ஆனால் மூச்சு திரும்பவில்லை. வீட்டிலேயே ஆக்சிஜன் எடுக்கிற இயந்திரம் வைத்திருக்கிறோம், வாடகைக்கு. மூக்கில் குழாய் இருக்கிறது. குழாய் எட்டுகிற தூரம்தான் அவருக்கு வீடு. கட்டிலிலிருந்து வாசல்படி வரை எட்டும். வாசலுக்கு வெளியே எட்டாது.

நேற்று ஒன்று கேட்டார். உன்னைக் கேட்கச் சொன்னார்.

"மார்ச் மாசம் காளான மூடுறதுக்குப் பதிலா புறாவ விட்டிருந்தா, நான் நல்லா இருந்திருப்பேனா?"

உண்மையை எழுது. ஆறுதலாக எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துவிடும்.

சின்னவள்

*

செப்டம்பர் 7

சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துப்போட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல். உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றால் இன்னொரு மாப்பிள்ளை வேண்டும். அதே வீடு, அதே மார்ச் மாதம், அதே நெஞ்சு, புறா மட்டும் இல்லாமல். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். செடித்தொட்டி என்றால் இரண்டு வைக்கலாம். மனிதன் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு நடந்தது ஒரு தடவைதான் நடந்தது. நான் படித்த படிப்பு அந்த இடத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது.

ஆனால் அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும். என் யூகத்தைக் கேட்கிறார். என் யூகம் இதுதான். ஆம், இதைவிட நன்றாக இருந்திருப்பார். வாசலைத் தாண்டி நடந்திருப்பார். நான் அவசரப்படாமல் இருந்திருந்தால், அவருடைய தொழிலைக் கேவலமாக நினைக்காமல் இருந்திருந்தால், பிப்ரவரியிலேயே புறாவைப் பற்றிக் கேட்டிருப்பேன். உன் முதல் கடிதத்திலேயே அது இருந்தது. இதற்கு மன்னிப்பு என்று ஒன்றைக் கேட்டு அவரைச் சிரமப்படுத்த மாட்டேன். பதில் சொல்ல மூச்சு செலவாகும்.

நான் வருகிறேன். அம்மாவைத் தனியாக விட முடியாது. அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு கார் பேசியிருக்கிறேன். வழியெல்லாம் எங்கே போகிறோம் என்று அம்மா கேட்டுக்கொண்டே வருவாள். நானும் சொல்லிக்கொண்டே வருவேன். அங்கே வந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. நீ வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும், அவ்வளவுதான்.

இடம் போதாது என்று எழுதாதே. தரையில் படுத்துக்கொள்கிறோம்.

அக்கா

*

செப்டம்பர் 13

அக்கா,

வா.

கடிதம் நீ கிளம்புவதற்குள் வந்து சேர வேண்டும் என்று வேலைக்குப் போகும் வழியிலேயே எழுதுகிறேன். அம்மாவுக்குக் கட்டில் இருக்கிறது. உனக்கும் எனக்கும் பாய்.

நீ எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். நான் எழுந்ததும் கையைப் பிடித்து, இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தி, உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"டீச்சரம்மா மொத மொதல்ல நம்ம வீட்டுக்கு வர்றாங்க. வரும்போது என்னால எந்திரிச்சு நிக்க முடியாது. மரியாதை தெரியாதவன்னு நெனச்சுக்க வேணாம்னு எழுது."

எழுதிவிட்டேன்.

சின்னவள்